‘லாஸ்லெஸ்’ காசு எங்கே போகிறது?

பாட்டு ஆப்களின் ஒலித்தரம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கூடுதல் பணம் கட்டி ‘லாஸ்லெஸ்’ திட்டத்துக்கு மாறினேன். ஆண்ட்ராய்டு போன், ப்ளூடூத் இயர்பட்ஸ். முன்பு கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் துளி வித்தியாசம் இல்லை. என் காதில் கோளாறா?
— வாசகர், கரூர்

காதில் ஒன்றும் கோளாறில்லை. சி.டி. தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும் (44,100 மாதிரிகள், 16 பிட், இரண்டு சேனல்). லாஸ்லெஸ் கோப்பு அதில் எதையும் இழக்காமல் உங்கள் போன் வரை வந்து சேர்கிறது. அங்கிருந்து ப்ளூடூத்தில் அனுப்புவதற்காகப் போன் அதை மறுபடியும் சுருக்குகிறது, இந்த முறை தகவலை வெட்டி. இப்படிச் சுருக்கும் முறைக்குக் ‘கோடெக்’ என்று பெயர். எல்லா இயர்பட்ஸிலும் இருக்கும் எஸ்.பி.சி. கோடெக்கின் வழக்கமான உச்சம் 328 கிலோபிட். மற்ற கோடெக்குகளில் ஆப்ட்எக்ஸ் 352, ஆப்ட்எக்ஸ் ஹெச்.டி. 576. எல்டாக் 330, 660, 990 என மூன்று நிலைகளில் ஓடும். 990-லும் கொஞ்சம் வெட்டுத்தான். ஆப்ட்எக்ஸ் லாஸ்லெஸ் என்று ஒன்று உண்டு. ஆனால் போன், இயர்பட்ஸ் இரண்டிலும் அதற்கான வசதி இருந்தால்தான் அது வேலை செய்யும்.

உங்கள் போனில் எது ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ போய் ‘பில்டு நம்பர்’ மேல் ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். இயர்பட்ஸ் இணைந்திருக்கும்போதே அதில் ‘ப்ளூடூத் ஆடியோ கோடெக்’ பாருங்கள். மங்கலாகத் தெரிபவை உங்கள் இயர்பட்ஸில் இல்லாதவை. இயர்பட்ஸில் எல்டாக் இருந்தும் அது மங்கலாகத் தெரிந்தால், ப்ளூடூத் பட்டியலில் இயர்பட்ஸ் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தட்டி ‘ஹெச்.டி. ஆடியோ’வை ஆன் செய்யுங்கள். சில மாடல்களில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதியை ஆன் செய்தால் எல்டாக் தானாகவே போய்விடும். 990-ஐக் கட்டாயமாக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் மாதிரி நெரிசலான இடத்தில் பாட்டு விட்டுவிட்டுத்தான் வரும்.

இன்னொன்று: வைஃபை, மொபைல் டேட்டா, டவுன்லோடு மூன்றுக்கும் ஆப்பில் தனித்தனி தர அமைப்பு இருக்கும். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே டவுன்லோடு செய்த பாட்டுகள் பழைய தரத்திலேயே கிடக்கலாம். அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

இயர்பட்ஸில் மட்டும்தான் கேட்பீர்கள் என்றால், 320 கிலோபிட் திட்டமே தாராளம். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஐபோனில் ஆப்பிள் மியூசிக் ‘ஹை-ரெஸ் லாஸ்லெஸ்’ என்று காட்டுகிறது. வயர் ஹெட்போனைச் சின்ன அடாப்டர் வழியாக மாட்டுகிறேன். 192 கிலோஹெர்ட்ஸ் கிடைக்குமா?
— வாசகி, தென்காசி

கிடைக்காது. (ஹை-ரெஸ் என்றால் சி.டி.யைவிட உயர்ந்த தரம்.) அந்த லைட்னிங் அடாப்டருக்குள்ளேயே ஒரு குட்டி டேக் (டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கான சிக்னலாக மாற்றும் சிப்) இருக்கிறது. அதன் எல்லை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேல் வேண்டுமானால் வெளியே தனியாக யு.எஸ்.பி. டேக் வைக்க வேண்டும். ப்ளூடூத்தில் ஐபோன் எஸ்.பி.சி., ஏ.ஏ.சி. என்ற இரண்டு கோடெக்கில்தான் அனுப்பும், எல்டாக் ஹெட்போன் வாங்கினாலும் அதே கதைதான்.

ஆனால் வாங்குமுன் யோசியுங்கள். சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்திலேயே, அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி பதிவாகிவிடுகிறது. மனிதக் காதின் எல்லை இளம் வயதிலேயே சுமார் 20,000 ஹெர்ட்ஸ்தான். அந்தக் காசைப் போட்டு நல்ல ஹெட்போன் வாங்கினால் வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும்.

வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கர்களும் சும்மா கிடக்கின்றன. போனில் வரும் பாட்டை அதில் நன்றாகக் கேட்க என்ன வழி?
— வாசகர், கும்பகோணம்

பொறாமையாக இருக்கிறது! மலிவான வழி: யு.எஸ்.பி. டேக், அதிலிருந்து 3.5 மி.மீ. முனை ஒருபக்கமும் இரண்டு ஆர்.சி.ஏ. பின் மறுபக்கமும் உள்ள ஒரு கேபிள். அதை ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ அல்லது ‘சி.டி.’ துளையில் மாட்டுங்கள். ‘போனோ’ என்று எழுதிய துளையில் மாட்டவே கூடாது. அது ரெக்கார்டு பிளேயர் முள்ளின் நுண்ணிய சிக்னலுக்கானது. பாட்டு கரகரத்து, பேஸ் மட்டும் பொங்கிவழியும். போன் வால்யூமை முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள்.

‘ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் போன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் எர்த் லூப், அதாவது சார்ஜர், ஆம்ப்ளிஃபயர் இரண்டின் எர்த் வழியாகக் கேபிளில் சுற்றும் மின்சாரம். சார்ஜர் இல்லாமல் கேளுங்கள், அல்லது ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். அதில் போவது வெளிச்சம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

யாரிடமாவது பழைய குரோம்காஸ்ட் ஆடியோ (வைஃபையில் வரும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் கூகுளின் குட்டிக் கருவி) கிடைத்தால் விடாதீர்கள். 2019-இல் கூகுள் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை வாங்கும், ஆப்டிகலாகவும் கொடுக்கும். ‘காஸ்ட்’ செய்யும்போது பாட்டை அதுவே நெட்டிலிருந்து நேராக இழுத்துக்கொள்கிறது. போன் வெறும் ரிமோட். கூகுள் ஹோம் ஆப்பில் ‘ஃபுல் டைனமிக் ரேஞ்ச்’ ஆன் செய்தால் ஆம்ப்ளிஃபயருக்குப் பொருத்தம். போனின் ஆடியோவை மொத்தமாக ‘மிரர்’ செய்தால் மட்டும் இந்த லாபம் போய்விடும்.

டி.வி.யின் ஆப்டிகல் துளையிலிருந்து ஒரு டேக் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோகும் வழியும் உண்டு. டி.வி.யில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை ‘பி.சி.எம்.’ (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று வையுங்கள். ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘ஆட்டோ’வில் டால்பி சிக்னல் போனால் சாதாரண டேக் ஊமையாகிவிடும், அல்லது சீறும். பெரும்பாலான டி.வி.கள் எதைக் கொடுத்தாலும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றித்தான் வெளியே விடும். அது பெரிய குறையல்ல.

லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?
— வாசகி, கோவை

ஹெட்போனின் மைக் திறந்ததும் ப்ளூடூத் ‘கால்’ முறைக்கு மாறிவிடும். அதில் மாதிரி வீதம் பெரும்பாலும் வெறும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ், அதுவும் மோனோ. மீட்டிங் ஆப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கராக ஹெட்போன் இருக்கட்டும். பாட்டு பழைய நிலைக்கு வந்துவிடும்.

1950-களின் சினிமாப் பாட்டுகளையும் ஹை-ரெஸ்ஸில் கேட்டால் கூடுதலாக ஏதாவது கேட்குமா?
— வாசகர், திருச்சி

அந்தக் காலப் படச்சுருளின் ஒலித்தடத்தில் சுமார் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. ஹை-ரெஸ்ஸில் கூடுதலாகக் கிடைப்பது இரைச்சல்தான். யார், எந்த ரெக்கார்டிலிருந்து, எவ்வளவு சிரத்தையாக மாற்றினார்கள் என்பதே முக்கியம். ஒரே பாட்டு இரண்டு மூன்று ஆல்பங்களில் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டு, வயலின் கீச்சிடாத, குரல் தெளிவாக நிற்கும் ஒன்றைப் பிளேலிஸ்ட்டில் வையுங்கள்.