ஸிதி பின்தி ஸாத் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதக் கட்டுரையில் போகிறபோக்கில் ஸிதி பின்தி ஸாத் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். ஸாஞ்சிபார் தீவில் அடிமைகளுக்குப் பிறந்து, பானை விற்று, கிழக்கு ஆப்பிரிக்காவில் முதன்முதலாக இசைத்தட்டில் பாடிய பெண் ஆனார். பள்ளிக்கூடமே பார்க்காதவர் இவ்வளவு உயர்ந்தது அதிசயம்தான். தன்னம்பிக்கைக்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது? ஆனால் பாட்டுகளைக் கேட்டபோது ஏமாற்றமாக இருந்தது. ஒரே இரைச்சல். காது பழகுவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. அழகில்லாததால் முகத்தை மூடிக்கொண்டு பாடினார் என்கிறார்களே, உண்மையா? எகிப்தின் புகழ்பெற்ற பாடகி உம் குல்தூமோடு ஒப்பிடுவது மிகையில்லையா? எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே,

உம் குல்தூம் ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். யார் பெரியவர் என்று தராசு பிடித்து யாரும் பாட்டு கேட்டதில்லை.

அதிசயம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. 1880 வாக்கில் ஃபும்பா கிராமத்தில் பிறந்தவர் ஸிதி. அம்மா வனைந்த பானைகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் பாடிக் கூவி விற்றார். தொண்டை திறந்தது அங்கே. 1911-இல் நகரத்துக்கு வந்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. அலி முஹ்சின் என்ற இசைக்கலைஞரிடம் முறையாகப் பாடம் கேட்டார். கூட வாசிக்கத் தேர்ந்த குழு ஒன்று சேர்ந்தது. பம்பாய்க்குக் கப்பலேறி ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் கம்பெனிக்குப் பாடியது 1928-இல். நடுவில் பதினேழு வருஷம்! அத்தனை வருஷ உழைப்பையும் விழுங்கிவிட்டுத் தன்னம்பிக்கை என்று ஒரு லேபிள் ஒட்டினால், அந்த அம்மாள் என்னதான் செய்தார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

முகத்திரை விஷயத்திலும் அவசரப்பட்டுவிட்டீர்கள். அழகில்லை என்று எதிரிகள் ஏளனம் செய்தது உண்மை. கிராமத்திலிருந்து கனிகி சுற்றிக்கொண்டு வந்தவள்தானே என்று அவர்மேல் பாட்டே கட்டினார்கள். கனிகி என்பது அடிமைகள் உடுத்திய மட்டமான கருநீலத் துணி. அழகும் முகவெட்டும் குலப்பெருமையும் பெரிய விஷயமில்லை, புத்தி இல்லாமல் போவதுதான் மனிதனுக்கு நஷ்டம் என்று ஸிதி பாட்டாலேயே திருப்பிக் கொடுத்தார். அவர் போட்டுக்கொண்டது புய்புய் என்ற, முகத்திரையோடு கூடிய கறுப்பு அங்கி. 1897-இல் அடிமை முறை ஒழியும்வரை முகத்திரை எஜமானர் வீட்டுப் பெண்களுக்கு உரியது. அடிமைப் பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது. அடிமைகளின் மகள் ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு சுல்தான் அரண்மனையில் பாட உட்காருகிறாள் என்றால், முகத்தை மறைக்கிறாள் என்றா படிப்பது?

சரி, இரைச்சலுக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இதுதான்.

தாத்தா வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. அதே கம்பெனி, அதே நாய் படம். சாவி கொடுப்பதும் ஊசி மாற்றுவதும் என் வேலை. ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். பாடுகிறவர் அப்போதுதான் சூடு பிடித்திருப்பார், தட்டு முடிந்து ஊசி கரகரக்கும். தாத்தா ஒவ்வொரு தடவையும் எரிச்சலோடு சொல்வார்: "இவர் திருவிழாவுல விடியவிடியப் பாடி நான் கேட்டிருக்கேன்டா. இது அவர் இல்ல, அவரோட விலாசம்." அப்போது எனக்கு அது புரியவில்லை, தட்டில் இருப்பதுதான் பாட்டு என்று நினைத்திருந்தேன். இன்று பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் தாத்தா சொன்னதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸிதியின் பாட்டு தட்டில் பிறந்ததில்லை. தாரப் என்ற அந்த இசை, ஸாஞ்சிபாரை ஆண்ட சுல்தான் பர்கஷ் எகிப்திலிருந்து தருவித்தது. ஓர் ஆளைக் கெய்ரோவுக்கு அனுப்பியே கற்றுவரச் செய்தார். அரண்மனை இசை, அரபு மொழிப் பாட்டு. ஸிதி அதை ஸ்வாஹிலியில் பாடினார். அவர் இருந்த இடம் ங்காம்போ. ஓடைக்கு அப்பால், முன்னாள் அடிமைகளும் கூலிகளும் குடியேறிய பகுதி. மாலையில் அவர் வீட்டில் குழு உட்காரும், அக்கம்பக்கம் கூடும். அன்றைக்கு ஊரில் நடந்தது எல்லாம் அங்கே வந்து விழும். யார் யாரை ஏமாற்றினார், கோர்ட்டில் என்ன தீர்ப்பு. பேச்சிலிருந்து பாட்டின் அடி எழும், அடியை ஒருவர் திருத்துவார், இன்னொருவர் ஒன்று சேர்ப்பார். பாட்டு முடிவதற்கு அவசரமே இல்லை. கம்பெனிக்காரன் அதிலிருந்து மூன்று நிமிஷத்தை வெட்டி எடுத்துக்கொண்டான். உங்கள் காதில் விழுவது அந்தத் துண்டுதான். கூட்டத்தின் சிரிப்பு அதில் இல்லை, எதிர்ப்பேச்சு இல்லை. வெட்டியெடுத்த துண்டைக் கேட்டுவிட்டு முழுப் பாட்டுக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.

'கிஜிதி' என்ற பாட்டைப் பாருங்கள். அக்கரை நகரமான தார் எஸ் ஸலாமிலிருந்து விருந்தாளியாக வந்த ஒரு கர்ப்பிணியைக் கிஜிதி என்பவன் கெடுத்துக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடிவிட்டான். நியாயம் கேட்டு கோர்ட்டுக்குப் போனவர்கள் அவளோடு இருந்த தோழிகள். தண்டனை கிடைத்தது அவர்களுக்கு! அன்று குடிப்பதற்குச் சாராயம் வாங்கினார்கள் என்பது குற்றம். வெள்ளைக்காரன் கோர்ட் கைகழுவிய வழக்கை இந்தப் பாட்டு மறுபடி எடுத்து நடத்தியது. கொன்றவன் பெயரையே தலைப்பாக்கி ஊர் வாயில் போட்டுவிட்டார்கள். அவன் அக்கரைக்கு ஓடியிருக்கலாம், தட்டும் அக்கரைக்குப் போயிற்று. ஸிதி 1950-இல் இறந்துபோனார். 2013-இல் காலமான ஸாஞ்சிபார் பாடகி பீ கிடூடே கிழவியாகியும் மேடைமேடையாக அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். கொலைகாரன் பெயர் இன்றும் தெரிகிறதே, எந்தத் தீர்ப்பால்?

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பீ கிடூடே பாடிய 'கிஜிதி'யில் தொடங்குங்கள். தெளிவான ஒலிப்பதிவு. நாலைந்து முறை கேட்டு மெட்டு மனதில் ஏறட்டும். அப்புறம் ஸிதியின் தட்டுக்கு வாருங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், தன்னம்பிக்கையைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம்.