பிரஷருக்குக் குளிசை தொடங்காமல் சாப்பாட்டாலும் நடையாலும் மட்டும் சமாளிக்க முடியுமா?

கேட்டிருக்கும் தம்பிக்கு வயது 44. இரண்டு தரம் அளந்ததில் 150/96 வந்திருக்கிறது, டொக்டர் குளிசை எழுதிவிட்டார். தொடங்கினால் சாகும்வரை விழுங்க வேண்டும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்களாம். அதனால் உப்பைக் குறைத்து, நடந்து பார்க்கலாமா என்கிறார்.

நான் டொக்டர் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறேன். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அடுப்பு என் கையில். ஆறு வருடமாகக் கிளினிக் கொப்பியும் என் கையில். இதே யோசனையில் குளிசையை நிறுத்திப் பார்த்தவளும் நான்தான்.

எனக்கு முதலில் தந்தது லொசார்ட்டன் 50. நான்கு மாதத்தில் 128/82 க்கு வந்தது. சரி, வருத்தம் மாறிவிட்டது என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று முருங்கையிலைச் சாறும் குடித்தேன். தலையிடி இல்லை, தலைச்சுற்று இல்லை, வயலுக்குச் சோறு கொண்டுபோய்த் திரும்பினால் மூச்சுக்கூட வாங்கவில்லை. மூன்று மாதம் இப்படி ஓடியது. அப்புறம் ஒரு கடைவாய்ப் பல் குத்தத் தொடங்கியது. பிடுங்கப் போன இடத்தில் முதலில் பிரஷர் பார்த்தார்கள்: 186/112. "இந்தப் பிரஷரோடு பல்லில் கை வைக்க ஏலாது அம்மா" என்று பல்லோடேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கும் எனக்குப் பல்லைத் தவிர வேறொன்றும் நோகவில்லை. உடம்பு சுகமாக இருப்பதை வைத்துப் பிரஷரைக் கணக்குப் பார்க்க முடியாது என்று பல தரம் கேட்டிருக்கிறேன். அன்றுதான் நம்பினேன்.

கிளினிக் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, பல் நோவுக்கு என்ன போட்டாய் என்பது. பார்மசியில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற நோக் குளிசை, ஒரு கிழமையாக. அது உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துப் பிரஷரைத் தானே ஏற்றும், கிட்னிக்கும் கூடாது என்றார். இங்கே அறுவடைக் காலத்தில் இடுப்பு நோவுக்கு அதை மிட்டாய் போல விழுங்குகிறோம். பனடோல் வேறு, இது வேறு. பிரஷர்க் குளிசை கிட்னியைப் பழுதாக்கும் என்று பயந்து அதை நிறுத்துகிறவர்களே நோக் குளிசையைக் கணக்கில்லாமல் போடுகிறார்கள். வவுனியாப் பக்கத்துக் கிட்னி வருத்தத்தைப் பார்த்த எங்களுக்கு அந்தப் பயம் வருவதில் அதிசயமில்லை. ஆனால் கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னியைத் தின்னும். லொசார்ட்டன் போன்றவற்றைத் தொடங்கினால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினுக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தம் சோதிப்பார்கள், அதைத் தவறவிடக் கூடாது.

"தொடங்கினால் நிறுத்த முடியாது" என்ற கதைக்கு வருகிறேன். குளத்து மதகான துருசு திறந்திருக்கும்வரை குளம் அளவாக நிற்கும், மூடினால் நீர்மட்டம் ஏறும். அதற்காகக் குளம் துருசுக்கு அடிமையாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? அடினோலோல் போன்ற சில பிரஷர்க் குளிசைகளைத் திடீரென விட்டால் முன்பைவிடக் கூடவும் ஏறலாம் என்பது உண்மை. அதனால்தான் டொக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

நீங்கள் நம்பியிருக்கும் உப்பும் நடையும் சும்மா இல்லை. ஒரு குளிசை சாதாரண அளவில் மேல் இலக்கத்தை ஏறத்தாழ 9 புள்ளி இறக்கும் என்கிறார்கள். உப்பை நன்றாகக் குறைத்தால் 5 புள்ளி அளவில் இறங்கும். உடம்பு குறைந்தால் கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்று. 150 இல் இருப்பவருக்கு இது பெரிய விஷயம். 186 இல் நின்ற எனக்கு இது மட்டும் காணாது.

உப்புக் கணக்கை நான் இப்படிப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. ஐந்து பேருக்கு 25, மாதத்துக்கு 750 கிராம். எங்கள் வீட்டில் மாதம் ஒன்றரைக் கிலோ முடிந்துகொண்டிருந்தது, அதுவும் கருவாடு, மோர்மிளகாய், அப்பளம், கடைப்பாண் எல்லாவற்றிலும் உள்ள உப்பைச் சேர்க்காமல்! ஒரேயடியாகக் குறைத்தேன். இரண்டாம் நாளே மாமா கோப்பையைத் தள்ளிவிட்டார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரிக்கிற ஊர்க்காரருக்கு உப்பில்லாத குழம்பு வைத்தால் வேறென்ன நடக்கும். பிறகு கிழமைக்குக் கொஞ்சமாகக் குறைத்து, தேசிக்காயும் மிளகும் கூட்டினேன். இரண்டு மாதத்தில் நாக்குப் பழகிவிட்டது. இப்போது கலியாண வீட்டுக் கறிதான் அவருக்கு உப்புக் கரிக்கிறது.

இந்துப்பு வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள்; லொசார்ட்டன் எடுப்பவரும் கிட்னி வருத்தக்காரரும் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

நடையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வயல்காரருக்கு என்ன எக்சசைஸ் என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். உழவும் அறுவடையும் மெஷின், கடைக்குப் போக மோட்டார் சைக்கிள், எங்கே நடக்கிறோம்? மாலையில் வாய்க்கால் கரையால் அரை மணித்தியாலம் நடக்கிறேன். ஒரு வருடத்தில் 74 கிலோ 68 ஆனது.

பல் விவகாரத்துக்குப் பிறகு லொசார்ட்டனோடு அம்லோடிபினும் சேர்த்திருந்தார்கள், அதில் கணுக்கால் வீங்கியது. உடம்பும் உப்பும் குறைந்த பின் டொக்டரே அம்லோடிபினை நிறுத்தினார். ஒரு குளிசை மிஞ்சியது. அதையும் விடலாமா என்று கேட்டேன், "இப்போதைக்கு வேண்டாம்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

உங்கள் நிலை வேறு, தம்பி. சீனி வருத்தம் இல்லை, சிறுநீரில் புரதம் போகவில்லை, இதயம் பழுதில்லை என்றால், மூன்று மாதம் சாப்பாட்டோடும் நடையோடும் பார்க்கலாமா என்று டொக்டரிடமே கேளுங்கள். கேட்பதில் பிழையில்லை. அதில் ஏதாவது ஒன்று இருந்தால் பேரம் பேசாமல் குளிசையைத் தொடங்குங்கள், உப்பையும் சேர்த்துக் குறையுங்கள்.

அதற்குமுன் அந்த 150 சரிதானா என்று பாருங்கள். விடிய ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து, பிளேன்ரீ குடித்து, வரிசையில் சண்டை பிடித்த கையோடு அளந்தால் யாருக்கும் கூடத்தான் காட்டும். கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வேண்டும் என்று பிரஷர்க் குளிசையையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் எங்கள் வரிசையில் பாதிப் பேர். அன்றைக்கு ஏறியதைப் பார்த்து டோஸைக் கூட்டிவிடுகிறார்கள். தண்ணீரோடு அதைப் போடலாமா என்று முதலே கேட்டு வையுங்கள். வீட்டில் அளப்பதென்றால் மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுகிற மெஷின் எடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் ஒரு கிழமை அளந்து கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். டொக்டருக்கு ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். நாம் சொல்கிற கதையைக் கேட்க அவருக்கு நேரமிருக்காது, எழுதிய இலக்கத்தைப் பார்ப்பார்.