ஹானர்ஸ் காலேஜுக்கு 1410 போதுமா?

கேள்வி: எங்கள் மகள் செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி கிரேடுகளின் சராசரி (ஜிபிஏ) 3.9. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1600-க்கு 1410 வாங்கியிருக்கிறாள். ஆங்கிலம் 680, கணக்கு 730. ரட்கர்ஸ், மேரிலாந்து, பென் ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் மூன்றிலும் ஹானர்ஸ் காலேஜில், அதாவது தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கான சிறப்புப் பிரிவில், சேர ஆசைப்படுகிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் 1500-க்கு மேல் வைத்திருக்கிறார்கள். "இந்த மார்க்கை வைத்துக்கொண்டு எதற்கு வீண் அலைச்சல்?" என்கிறார் என் கணவர். ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மற்றபடி பரிசு, பதக்கம் என்று எதுவும் கிடையாது. விண்ணப்பிக்கலாமா?
- ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கட்டும், சகோதரி. ஆனால் மூன்று இடங்களுக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள். பென் ஸ்டேட்டின் ஷ்ரேயர் ஹானர்ஸ் காலேஜ் எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அங்கே 1410-ம் 1550-ம் ஒன்றுதான். தனி விண்ணப்பம், தனிக் கட்டுரைகள். அவற்றோடு நான்கு வருடப் பள்ளிப் பாடங்களும் அவற்றில் வாங்கிய கிரேடுகளும்தான் பேசும். ரட்கர்ஸ் நியூ பிரன்ஸ்விக்கிலும் மேரிலாந்திலும் ஹானர்ஸுக்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தையே படித்து அவர்களாக அழைப்பு அனுப்புவார்கள். ஹானர்ஸைப் பொறுத்தவரை, மதிப்பெண்ணை அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வி இந்த இரண்டு இடங்களுக்கு மட்டும்தான்.

அதை முடிவு செய்ய ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் சி9 என்ற பகுதியில், சேர்ந்த மாணவர்களின் எஸ்ஏடி மதிப்பெண் 25, 75 சதவீதப் புள்ளிகளாக இருக்கும். உதாரணத்துக்கு 1380, 1510 என்று போட்டிருந்தால், 1380 குறைந்தபட்சத் தகுதி என்று பல பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. மதிப்பெண் அனுப்பிச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் அதற்கும் கீழே இருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். இன்னொன்றும் உண்டு. எஸ்ஏடி கட்டாயமில்லாத இடங்களில் குறைவாக வாங்கியவர்கள் அனுப்புவதே இல்லை, அதனால் வெளியாகும் எண்கள் உண்மை நிலவரத்தைவிட உயர்ந்தே தெரியும். ஹானர்ஸில் சேர்பவர்களின் மதிப்பெண் பொதுவாக இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே உங்கள் மகளின் மதிப்பெண் பல்கலைக்கழகத்தின் நடுப்பகுதியைத் தொட்டால் அனுப்புங்கள். கீழ் எண்ணையும் எட்டாவிட்டால் அனுப்ப வேண்டாம். இந்த விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. போன வருடம் சேர்ந்த பிள்ளையின் அம்மா சொன்னதை நம்பாமல் அந்தந்தக் கல்லூரியின் பக்கத்திலேயே பாருங்கள்.

இன்னொரு முறை எழுதலாம், நேரம் இருக்கிறது. ஆகஸ்ட், தேவைப்பட்டால் அக்டோபர், அதோடு போதும். முடிவு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால் நவம்பர்த் தேர்வு விண்ணப்பங்களுக்கான நவம்பர் 1 கெடுவுக்கு உதவாது. வெவ்வேறு தேதிகளில் வாங்கிய சிறந்த ஆங்கிலத்தையும் சிறந்த கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் கல்லூரிகள் நிறைய உண்டு. ஆகஸ்டில் ஆங்கிலம் 720 வாங்கி, கணக்கு 700-க்கு இறங்கினாலும் கவலையில்லை: 720-ம் பழைய 730-ம் சேர்ந்து 1450 ஆகிவிடும். ஆகவே முழு உழைப்பையும் ஆங்கிலத்தில் போடட்டும். எஸ்ஏடி எழுதும் 'புளூபுக்' செயலியில் இலவச மாதிரித் தேர்வு ஒன்றை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். தப்பான விடைகளை, நிறுத்தற்குறி, வாக்கிய அமைப்பு ஒரு பக்கம், வாசித்துப் புரிந்துகொள்வது ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். முதல் வகை விதிகளைப் படித்தாலே சில வாரத்தில் சரியாகிவிடும். இரண்டாவது மெதுவாகத்தான் ஏறும். முக்கியமான இன்னொரு விஷயம்: ஆங்கிலம் 27 கேள்விகள் கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். முதல் பகுதியில் எப்படிச் செய்கிறாளோ அதை வைத்துத்தான் இரண்டாவது பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதான பகுதி வந்துவிட்டால் மதிப்பெண் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அவசரப்பட்டு முதல் பகுதியில் கோட்டைவிட்டால் பிறகு பிடிக்க முடியாது.

இனி கட்டுரை. எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளையைத் தூக்கிவிடுவது இதுதான். வழக்கமாக என்ன நடக்கிறது தெரியுமா? பல கல்லூரிகளுக்கும் ஒன்றாக அனுப்பும் 'காமன் ஆப்' விண்ணப்பத்துக்கு எழுதிய 650 சொல் கட்டுரையையே கொஞ்சம் வெட்டி ஒட்டி ஹானர்ஸுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அல்லது, 'சிறிய வகுப்புகள், பேராசிரியர்களோடு நெருக்கம், முன்னதாகப் பாடம் தேர்ந்தெடுக்கும் வசதி' என்று கல்லூரியின் விளம்பரத்தையே கல்லூரிக்குத் திருப்பி எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அதில் பிள்ளை தெரியமாட்டாள். ஷ்ரேயரில் பட்டம் வாங்க ஆய்வேடு எழுத வேண்டும். மேரிலாந்தின் 'ஜெம்ஸ்டோன்' திட்டத்தில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறார்கள். இந்தப் பிள்ளைக்குத் தானாக ஒரு கேள்வி எழுமா, எழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போவாளா என்றுதான் கட்டுரையைப் படிப்பவர்கள் தேடுகிறார்கள்.

அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 'தமிழ்ப் பள்ளியில் கற்பித்ததால் பொறுமையும் தலைமைப் பண்பும் வளர்ந்தன' என்று எழுதினால் அது ஆயிரம் கட்டுரைகளில் ஒன்று. வகுப்பில் அவளைக் குழப்பியது எது என்று கேளுங்கள். வீட்டில் 'பழம்' என்று சரியாகச் சொல்லும் குழந்தை எழுதும்போது ஏன் 'பலம்' என்று எழுதுகிறது? காது தவறாகக் கேட்கிறதா, கை தவறுகிறதா? இப்படி ஒன்றை அவளே கவனித்திருந்து, பத்துச் சொற்களைச் சொல்லக் கேட்டு எழுத வைத்துப் பார்த்திருந்தால், அதை எழுதட்டும்: என்ன நினைத்தாள், என்ன கிடைத்தது, எது இன்னும் விளங்கவில்லை. பதக்கம் இல்லாத குறையை இது போக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: நீங்களோ கணவரோ அதைத் திருத்தி மெருகேற்றாதீர்கள். பதினேழு வயதுக் குரல் போய்விட்டால் கட்டுரையின் உயிரும் போய்விடும்.

விண்ணப்ப வேலையில் பிள்ளைகள் சறுக்கும் இடம் எஸ்ஆர்ஏஆர். ரட்கர்ஸும் பென் ஸ்டேட்டும் இதைக் கேட்கின்றன: ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த ஒவ்வொரு பாடத்தையும் கிரேடையும் மாணவரே தட்டச்சு செய்ய வேண்டும். ஞாபகத்திலிருந்து செய்யக் கூடாது. பிறகு பள்ளியின் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். செப்டம்பரிலேயே பள்ளி கவுன்சலரிடம் பட்டியலின் நகலை வாங்கிவிடுங்கள். எஸ்ஆர்ஏஆர் முழுமையாகாதவரை விண்ணப்பமும் முழுமையாகாது. மூன்று இடங்களுக்கும் நவம்பர் 1 என்று மனதில் வைத்து, அக்டோபர் 20-க்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள். அனுப்பியபின் வரும் மின்னஞ்சல்கள் ஸ்பாமில் போய் விழும். தினமும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: இப்போது கிடைக்காவிட்டால் கதவு சாத்திவிட்டது என்றில்லை. ஷ்ரேயர் ஏற்கெனவே பென் ஸ்டேட்டில் படிக்கும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ரட்கர்ஸில் ஹானர்ஸ் காலேஜைத் தவிர, கலை-அறிவியல் பள்ளிக்கென்று தனி ஹானர்ஸ் திட்டமும் உண்டு. சேர்ந்தபின் நுழையும் அந்த வழியில் எஸ்ஏடியைவிடக் கல்லூரியில் வாங்கும் கிரேடுகளுக்குத்தான் மதிப்பு. அதனால் முதல் செமஸ்டரில் பாடச்சுமையை அளவோடு எடுத்து நல்ல கிரேடு வாங்கட்டும். ஒரு பேராசிரியராவது அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அவரது அலுவலக நேரத்தில் போய் உட்காரட்டும்.