துடுப்பில் காது வைத்த மாதிரி

வாசகர் கேள்வி – பதில்

இரும்புக் குழாய்களை மீயொலியால், அதாவது காதுக்கு எட்டாத ஒலியால், பரிசோதிக்கும் வேலையைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வளைகுடாவில் 22 வருடம் நான் செய்த தொழில் அது. கல்லடிக்குத் திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே இருந்தன. அதனால் இந்த இதழ் முழுவதும் குழாய்தான்.

ஐயா, குழாயில் வெடிப்பு இருந்தால் கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவிப் பார்க்கலாம். சத்தத்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எண்ணெய் பூசுவது எதற்கு?
– தொழில்நுட்பக் கல்லூரி மாணவி, மட்டக்களப்பு

மகள், மட்டக்களப்பில் பிறந்த உங்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எனக்கு லேசு. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் போனவர்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள். என் அப்பா என்னை ஏழு வயதில் தோணியில் கூட்டிக்கொண்டு போனார். சும்மா இருந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அப்பா துடுப்பை வாவிக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். வைத்த உடனே, நரம்பை மீட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம் மரத்துக்குள்ளால் ஏறி வந்தது. காதை எடுத்தேன், போய்விட்டது. வைத்தேன், வந்தது.

உங்கள் கேள்விக்கான விடை அந்தத் துடுப்பில் இருக்கிறது. நீருக்குள் இருக்கும் சத்தம் காற்றுக்குள் வர மாட்டாது. நீரின் மேற்பரப்பில் முட்டி, கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிப் போய்விடும். நீரிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து எலும்புக்கும் அது நன்றாகவே கடக்கும். இரும்பிலும் அதே கதைதான். ஒலியை அனுப்பி வாங்க நாங்கள் கையில் பிடிக்கும் புறோப்புக்கும் குழாய்க்கும் நடுவில் தலைமுடி அளவு காற்று இருந்தாலும், 10,000 பங்கு ஒலியில் ஒரு பங்குகூட இரும்புக்குள் இறங்காது. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் எண்ணெய், ஜெல், கிளிசரின், இல்லையென்றால் வெறும் தண்ணீர். ஆலைகளில் குழாயை உருட்டிக்கொண்டு தண்ணீரைப் பீச்சியபடியே பரிசோதிப்பார்கள்.

இனி ஒலி. நம் காதுக்கு எட்டுவது ஒரு விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான். உருக்குக் குழாய்க்கு நாங்கள் அனுப்புவது பெரும்பாலும் 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் அதிர்வு வரை. ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்பீர்கள். அலை எவ்வளவு நீளமோ அதில் ஏறக்குறைய பாதிக்குக் குறைவான குறையை அந்த அலை கவனிக்காமல் தாண்டிப் போய்விடும். உருக்கில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 5,900 மீற்றர் ஓடும். 50 லட்சம் அதிர்வில் அதன் அலைநீளம் 1.2 மில்லிமீற்றர். இந்த அளவு நுணுக்கம் இல்லாவிட்டால் சிறிய வெடிப்பு பிடிபடாது.

புறோப்புக்குள் இருப்பது ஒரு சின்னப் பளிங்குத் தட்டு. மின்சாரம் கொடுத்தால் துடிக்கும், அதைத் துடிக்க வைத்தால் மின்சாரம் தரும். இந்த இரண்டு குணங்களையும் பிரான்சில் கியூரி சகோதரர்கள் 1880இலும் 1881இலும் கண்டார்கள். அந்தத் தட்டே ஒலியை அனுப்பிவிட்டு, திரும்பி வரும் எதிரொலிக்காகக் காத்திருக்கும். ஆறு மில்லிமீற்றர் சுவருக்குள் போய்த் திரும்ப ஒரு விநாடியின் 10 லட்சத்தில் இரண்டு பங்கு நேரம் எடுக்கும். அதற்கு முன்பே ஓர் எதிரொலி வந்துவிட்டால், வழியில் ஏதோ குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம்.

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மில்லில் நெல் அவிப்பதற்கு நீராவிக் குழாய் போட, பாவித்த நாலு அங்குலக் குழாய்கள் வாங்கினோம். ஒருவர் மெஷின் கொண்டு வந்து நாற்பது இடத்தில் வைத்துப் பார்த்து, "எல்லா இடமும் ஆறு மில்லிமீற்றர், குழாயில் ஒரு குறையும் இல்லை" என்று எழுதித் தந்தார். நம்பிப் போடலாமா?
– அரிசி ஆலை உரிமையாளர், சம்மாந்துறை

வஅலைக்குமுஸ்ஸலாம். போட வேண்டாம், ஹாஜியார். முதலில் இதைப் படியுங்கள்.

அவர் சொன்ன ஆறு மில்லிமீற்றர் சரியாகவே இருக்கலாம். நாலு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மில்லிமீற்றர். சாதாரணமாகக் கிடைக்கும் ஷெடியூல் 40 வகையில் சுவர் 6.02 மில்லிமீற்றர். துரு பெரிதாகத் தின்னவில்லை என்பது நல்ல சேதி. குழாயின் பழைய பெயின்றைச் சுரண்டாமல் வைத்துப் பார்த்தாரா என்று மட்டும் விசாரியுங்கள். பெயின்றில் ஒலி மெதுவாகப் போகும், மெஷின் அதையும் இரும்பு என்றே கணக்கெடுக்கும். ஒரு மில்லிமீற்றர் பெயின்ற் இரண்டு மில்லிமீற்றருக்கும் கூடுதலான இரும்பாகத் தெரியும்.

ஆனால் "ஒரு குறையும் இல்லை" என்று எழுதினாரே, அந்த மெஷினை வைத்து அதை எழுத அவருக்கு உரிமை இல்லை. அது தடிப்பு அளக்கும் மெஷின். அதன் ஒலி சுவருக்குள் நேராக இறங்கி நேராகத் திரும்பும். குழாயின் மேற்பரப்பில் விழும் வெடிப்பு எப்படி நிற்கும்? அதுவும் சுவருக்குள் நேராகவே இறங்கி நிற்கும். ஒரு கத்தியை வாய்ப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பாருங்கள், ஒரு கோடுதான் தெரியும். கத்தியின் அகலத்தைப் பார்க்கப் பக்கத்தில் போக வேண்டும். ஒலியும் அப்படித்தான், வெடிப்பின் பக்கத்தில் மோதினால்தான் திரும்பி வரும்.

அதற்குத்தான் சாய்வுப் புறோப். அது ஒலியை 45 பாகை சாய்த்து, குழாயின் வட்டத்தைச் சுற்றி அனுப்பும். உங்கள் குழாயில் அந்த ஒலி ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் ஓடி உட்பரப்பைத் தொடும், மறுகா மேலே திரும்பி 18 மில்லிமீற்றரில் வெளிப்பரப்பைத் தொடும். திரையில் 9இல் எதிரொலி எழும்பினால் குறை உள்ளே. 18இல் எழும்பினால் வெளியே. வெடிப்பும் பரப்பும் சேரும் மூலை ஒலியை நேராகத் திருப்பி அனுப்புவதால், அந்த இடத்து எதிரொலி பளிச்சென்று நிற்கும்.

இதைத் தொடங்க முதல் ஒப்பீட்டுக் குழாய் ஒன்று வேண்டும். அதே அளவு, அதே உருக்கு. அதில் வேண்டுமென்றே ஒரு காடி வெட்டியிருப்பார்கள். காடியின் ஆழம் சுவர்த் தடிப்பில் 5, 10 அல்லது 12.5 வீதம், எது என்பது குழாயின் வேலையைப் பொறுத்தது. உங்கள் குழாய்க்கு 10 வீதம் என்றால் 0.6 மில்லிமீற்றர், ஒரு நகத்தின் தடிப்பு. அந்தக் காடியை மெஷின் காட்டுகிற அளவுக்குச் சரிசெய்த பிறகே உண்மையான குழாயில் கை வைக்க வேண்டும். உங்களிடம் வந்தவரிடம் "உங்கள் ஒப்பீட்டுக் குழாய் எங்கே?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர் வெடிப்புத் தேடவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள்: வலமாகவும் இடமாகவும் ஓட்டினாரா? இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குப் போன மூன்றாம் வருடம், ஓர் இரவு முறை. மூட்டில்லாக் குழாய் 60 பார்க்க வேண்டும். விடிய மூன்று மணி இருக்கும், கடைசி எட்டுக் குழாயை ஒரு பக்கமாக மட்டும் ஓட்டிவிட்டுச் சரி போட்டுவிட்டேன். அடுத்த நாள் நீர் அழுத்தச் சோதனையில் அந்த எட்டில் ஒன்று நீளவாக்கில் வாய் திறந்தது. உருட்டும்போது இரும்பு மடிந்து, மீன் செதிள் போலச் சாய்ந்து படுத்திருந்திருக்கிறது. நான் ஓட்டிய பக்கத்திலிருந்து போன ஒலி செதிளின் முதுகில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மேற்பார்வையாளர் மலையாளி, வயதானவர். அவர் ஏசவில்லை. வெடித்த குழாயின் மிச்சத் துண்டில் புறோப்பை மற்றப் பக்கம் திருப்பி வைத்து, திரையைக் காட்டினார். எதிரொலி திரையின் உச்சியில் நின்றது. அந்தச் சோதனைக் கூடத்தில் அன்று ஆட்கள் தள்ளி நின்றதால் ஒருவருக்கும் காயம் இல்லை. உங்கள் மில்லில் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நெல் துழாவிக்கொண்டு ஆள் நிற்பார், உள்ளே இருப்பது பச்சைத் தண்ணீரும் இல்லை, நீராவி.

சாய்வுப் புறோப் உள்ள ஆள் கிடைக்கும்வரை நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உலையிலிருந்து தூரத்தில், குளிர்ந்த குழாயில் மட்டும் செய்யுங்கள். துருவையும் பெயின்றையும் கம்பித் தூரிகையால் எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு துணியால் நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளை நீரில்லாத மதுசாரத்தில் கரைத்துப் பூசுங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளையில் ஈரக் கோடாகத் தெரியும். ஒரு காலத்தில் ரயில் அச்சுகளை இப்படித்தான் பார்த்தார்கள். சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் கொண்ட ஸ்பிரே டின் வாங்க முடிந்தால் இன்னும் துல்லியம். இது வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான், உட்பக்க வெடிப்பை இது காட்டாது. கோடு தெரிந்த குழாயை ஒதுக்குங்கள், தெரியாத குழாயையும் மீயொலி பார்க்காமல் பூட்ட வேண்டாம். பொயிலர் சான்றிதழுக்கு வரும் அதிகாரியிடம் இவை பாவித்த குழாய்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வெல்டிங் செய்கிறேன். ஒரு பரிசோதகர் குழாயில் எண்ணெய் தொட்ட விரலால் தட்டித் தட்டி மெஷினைப் பார்த்தார். என்ன அது?
– வெல்டர், ஏறாவூர்

தம்பி, நல்ல ஆளைப் பார்த்திருக்கிறீர்கள். ஒலி அலையில் ஒரு வகை மேற்பரப்பை ஒட்டியே ஓடும், ஏறக்குறைய ஓர் அலைநீள ஆழத்துக்கு மேல் உள்ளே இறங்காது. மேற்பரப்பு வெடிப்பைத் தேட அது அருமையான அலை. ஆனால் எண்ணெய்த் துளி, வெல்டிங் தெறிப்பு என்று எதில் பட்டாலும் எதிரொலி காட்டும். அதனால் அலை போகும் வழியில் ஈர விரலை வைத்துப் பார்ப்போம். விரல் அலையை உறிஞ்சும். புறோப்புக்கும் குறைக்கும் இடையில் விரல் இருந்தால் திரையில் எதிரொலி படுக்கும், குறையைத் தாண்டி வைத்தால் அசையாமல் நிற்கும். விரலை மெல்ல நகர்த்தி, படுப்பதும் நிற்பதும் மாறும் இடத்தில் சோக்கால் குறி போடுவோம். குறி விழும் இடத்தில்தான் வெடிப்பு.

என் மகன் இந்தப் பரிசோதனை படித்து வெளிநாடு போக ஆசைப்படுகிறான். கதிர்வீச்சு உடம்புக்குக் கூடாது என்கிறார்கள். விடலாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அம்மா, பயப்பட வேண்டாம். கதிர்வீச்சு உள்ளது குழாயைப் படம் பிடிக்கும் வேலையில். அதுவும் முறையோடு செய்தால் செய்யக்கூடிய தொழில்தான். உங்கள் மகன் படிக்க நினைப்பது மீயொலி என்றால் அதில் கதிர்வீச்சே இல்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்களே, அந்த ஸ்கேனின் உறவுதான் இது. அங்கே பூசும் ஜெல்லும் நாங்கள் பூசும் ஜெல்லும் ஒரே காரணத்துக்காகத்தான்.

இலங்கையிலேயே படிக்கலாம். இலங்கை அணுசக்தி சபை இதற்கென்று ஒரு தேசிய நிலையம் நடத்துகிறது, பயிற்சியும் சான்றிதழும் தருகிறார்கள். மூன்று தரம் உண்டு. முதலாம் தரத்தில் மற்றவர் மேற்பார்வையில் வேலை, இரண்டாம் தரத்தில் தானே முடிவு எழுதிக் கையெழுத்துப் போடலாம். இரண்டாம் தரம் இல்லாமல் விமானம் ஏற்றாதீர்கள். முகவர்கள் "அங்கே போய் எடுக்கலாம்" என்பார்கள். எனக்குத் தெரிந்த மூன்று பிள்ளைகள் அப்படிப் போய், வருடக்கணக்காக மற்றவருக்கு ஜெல் வாளி தூக்கினார்கள்.

வருடாவருடம் கண் பரிசோதனையும் கேட்பார்கள். கிட்டப் பார்வையில் மிகச் சிறிய எழுத்தை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வாசிக்க வேண்டும், கண்ணாடி போட்டு வாசித்தாலும் சரி. கணிதத்தில் முக்கோணக் கணக்கு அவனுக்கு எப்படி? சைனும் கோசைனும் தெரியாமல் சாய்வுப் புறோப்பைப் பிடிக்க முடியாது. அதில் தடுமாறுகிறான் என்றால் என்னிடம் அனுப்புங்கள். பிற்பகல்களில் வீட்டில்தான் இருக்கிறேன், என் பழைய ஒப்பீட்டுக் குழாய்த் துண்டு ஒன்றும் இருக்கிறது.