மேட்டில் பாதியில் நின்றால் ஏரியாவைக் குறை சொல்லாதீர்கள்

உங்கள் மாமியாரை இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவர் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் ஏரியாதான் அவர் உடம்பைக் கெடுக்கிறதா என்று கேட்டு, உடைந்த நடைபாதை, தெருநாய், நெடுஞ்சாலைப் புகை, மண்ணில் ஈயம், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மரபணு, மூட்டு வலி என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்து, கடிதம் முடியும் இடத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சீசர் சாவேஸ் அவென்யூவில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறும்போது இப்போதெல்லாம் பாதி மேட்டில் நின்றுவிடுகிறார், தாடை இழுக்கிறது என்கிறார், கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது." எனக்கு அந்த ஒரு வரி போதும்.

58 வயது, பல வருடச் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. இப்படிப்பட்டவருக்கு ஏறினால் வந்து நின்றால் போகும் தாடை இழுப்பு என்றால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதை ஆஞ்சைனா என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது அந்த ரத்தம் போதும், மேடு ஏறும்போது போதாது. சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது மூச்சிரைப்பாக, கழுத்திலோ தோளிலோ முதுகின் நடுவிலோ ஒரு பிடிப்பாக, குமட்டலாக, காரணம் தெரியாத அசதியாக வரலாம். குளிர்காற்றில் ஏறினாலும் சாப்பிட்ட கையோடு ஏறினாலும் சீக்கிரம் வரும். போன வருடம் மூட்டையோடு ஏறிய அதே மேட்டில் இந்த வருடம் வெறுங்கையோடு நிற்கிறார் என்றால், மாறியது மேடு இல்லை. அதிலும் இது சில வாரங்களாகப் புதிதாக வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். புதிதாக வருவதும், முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வருவதும்தான் டாக்டர்களான எங்களை அவசரப்பட வைக்கும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, நின்று ஐந்து நிமிடமாகியும் போகாவிட்டாலோ, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ 911-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே காரில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம். 2025 ஜூனில் குடிவரவுச் சோதனைகள் தொடங்கியதிலிருந்து வெளியே போகவே அந்தக் குடும்பத்தில் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது, நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் காப்பீடு இல்லாவிட்டாலும், குடிவரவு நிலை என்னவாக இருந்தாலும், அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும் என்று 1986-லிருந்தே சட்டம் இருக்கிறது. பயத்தால் ஒரு ராத்திரி தள்ளிப்போடுவது இந்த விஷயத்தில் ரொம்பப் பெரிய விலை.

டாக்டரிடம் போகும்போது நீங்களோ உங்கள் கணவரோ மொழிபெயர்க்காதீர்கள். மகன் சொன்னால் அது "அம்மாவுக்குக் கொஞ்சம் களைப்பு" என்று சுருங்கிவிடும், தாடை காணாமல் போய்விடும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இலவசமாகவே தருவார்கள். அவர் வாயாலேயே ஸ்பானிஷில் சொல்லட்டும். படுக்க வைத்து எடுத்த ஈசிஜி நார்மல் என்று அனுப்பினால் அதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், ஏனென்றால் வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி ஆஞ்சைனாவிலும் நார்மலாக இருக்கலாம். நடக்க வைத்துப் பார்க்கும் ட்ரெட்மில்லா, இதய ரத்தக்குழாயைப் படம் எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமா, எது பொருத்தம் என்று கேளுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் கூடவே பார்த்துவிடட்டும்.

இதற்கு நடுவில் நீங்கள் வீட்டிலேயே செய்துகொண்டிருக்கும் வைத்தியத்தைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. தாடை வலிக்கு ஒமிப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரை, மூட்டு வலிக்குத் தினமும் இபுப்ரோஃபென், யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு ஆஸ்பிரின். சர்க்கரையும் பிரஷர் மாத்திரையும் இருப்பவருக்கு இபுப்ரோஃபெனைத் தினமும் கொடுப்பது சிறுநீரகத்துக்குக் கேடு, ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், இதயத்துக்கும் ஆகாது. அதை இன்றே நிறுத்துங்கள். அதுவும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம், இபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். ஆஸ்பிரின் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரைப் பரிசோதிப்பவரிடம் கேளுங்கள். நோபால் என்ற சப்பாத்திக்கள்ளித் தண்டைச் சமைத்துச் சாப்பிடட்டும், அது நல்ல காய்தான். மாத்திரையாக வரும் நோபால் வேண்டாம்.

சரி, இப்போது உங்களை உண்மையில் அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி. அவரைப் பாயில் ஹைட்ஸிலேயே விட்டுவிட்டு நீங்கள் புறநகருக்குப் போய்விட்டதால்தான் இப்படி ஆனதா, இனியாவது கூட்டிவந்துவிடலாமா. இல்லை, உங்களால் ஆனதில்லை. கூட்டிவருவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

வேலை நேரத்துக்கு வெளியே எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்கள் அமெரிக்க லத்தீனோக்களில் 100-க்குச் சுமார் 32 பேர், வெள்ளையர்களில் சுமார் 23 பேர் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2017-2020 கணக்கு சொல்கிறது. இணையத்தில் இதைப் பார்த்துவிட்டுத்தான் மரபணு என்கிறீர்கள். "வேலை நேரத்துக்கு வெளியே" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? உங்கள் மாமியார் ராத்திரி முழுக்க அலுவலகக் கட்டடங்களில் மாப் போடுகிறார், பஸ்ஸுக்கு நடக்கிறார், சந்தைக்கு நடக்கிறார், சர்ச்சுக்கு நடக்கிறார். இதெல்லாம் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வராது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலோ வேலை, போக்குவரத்து, வீட்டு வேலை எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாத உங்கள் தெருவுக்கு வந்தால் இருக்கிற நடையும் போய்விடும், பேசத் தோழிகளும் இருக்க மாட்டார்கள்.

அதற்காக ஏரியாவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாலு பக்கமும் நெடுஞ்சாலையை வெட்டி இறக்கிவிட்டு, பூங்காவுக்கும் இடம் விடாமல், அங்கே இருப்பவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம். வசதி கிடைத்தால் அதே மக்கள் நடக்கிறார்கள் என்பதற்கு அவர் வீட்டுப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, விரிசல் விட்ட நடைபாதையிலேயே ஆட்கள் நடந்தும் ஓடியும் கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டுக் கேட்டு, 2003-ல் நகராட்சி அதைச் சுற்றி ரப்பர் பரப்பிய பாதை போட்டது. ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். சான் டியாகோ பக்கத்தில் கத்தோலிக்கத் தேவாலயங்களில், புரோமோத்தோரா என்று அழைக்கப்படும் உள்ளூர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து நடைக்குழுக்கள் நடத்த வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பெண்களின் உடலுழைப்பு கூடியிருந்தது. அதே குழுக்கள் நடைபாதையைச் சரிசெய்யக் கேட்டு மனுவும் கொடுத்தன.

மற்ற பயங்கள். நெடுஞ்சாலைப் புகை: லாஸ் ஏஞ்சலஸின் 405 நெடுஞ்சாலையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள், பகலில் 300 மீட்டர் தள்ளினால் மிக நுண்ணிய துகள்கள் சுற்றுப்புற அளவுக்கு இறங்கிவிடுகின்றன. ஆனால் விடியுமுன் காற்று அசையாமல் நிற்பதால் அவை ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூடப் பரவும். அதனால் வேலை முடிந்த கையோடு இருட்டில் நடைப்பயிற்சி வேண்டாம், தூங்கி எழுந்து சாயங்காலம் போகட்டும். புகைக்குப் பயந்து நடக்காமலே இருப்பதுதான் அதிகக் கெடுதல். ஈயம்: பக்கத்து வெர்னன் நகரில் இருந்த பேட்டரி ஆலையால் மண் கெட்டது உண்மை, ஆனால் பாதையில் நடப்பதால் அது உடம்பில் ஏறாது. பேரக்குழந்தை வெறும் மண்ணில் விளையாடினால் கை கழுவ வையுங்கள். நாய்: தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போனால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதயத்தைப் பார்த்து டாக்டர் சரி சொன்ன பிறகு, மேட்டில் இல்லை, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிய அந்தச் சமதளப் பாதையில் தொடங்கட்டும். பத்து நிமிடம் போதும், வாராவாரம் கொஞ்சம் கூட்டலாம், வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கு மெதுவாக வரட்டும். தாடை இழுத்தால் அன்றைக்கு நடை அவ்வளவுதான், அது எந்த இடத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டு டாக்டருக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் சரி சொல்லும் வரைக்கும் அந்த மேட்டை அவர் நடந்து ஏற வேண்டாம், உங்கள் கணவரைப் பஸ் நிறுத்தத்தில் காரோடு நிற்கச் சொல்லுங்கள்.