இரண்டாம் கட்டளை எங்கே போனது?

கேள்வி: நாங்கள் பரம்பரை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்). மருமகள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). பேரன் புது நன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) படிக்கும் ஞானோபதேச (மறைக்கல்வி) அட்டையில் பத்துக் கட்டளைகள் இருக்கின்றன. "யாதொரு விக்கிரகத்தையாகிலும் நீ உனக்கு உண்டாக்க வேண்டாம்" என்ற இரண்டாம் கட்டளையை மட்டும் காணோம். கணக்குக் குறையாமலிருக்கக் கடைசிக் கட்டளையை இரண்டாக்கியிருக்கிறார்கள். கோயிலில் வைக்கும் சொரூபங்களை (புனிதர் சிலைகளை) காப்பாற்ற வேதத்தையே வெட்டலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வெட்டவில்லை, அம்மா. மருமகளின் பைபிளை வாங்கிப் பாருங்கள். உங்கள் யாத்திராகமம் அதில் விடுதலைப் பயணம். 20-ஆம் அதிகாரம் 4, 5, 6 வசனங்கள் முழுதாக இருக்கும். இணைச் சட்டம் (உங்கள் உபாகமம்) 5:8-10-லும் அப்படியே.

சிக்கல் எண் போடுவதில்தான். கட்டளைகள் பத்து என்று யாத்திராகமம் 34:28 சொல்கிறது. எது முதலாவது, எது இரண்டாவது என்று வேதத்தில் எங்குமில்லை. 20:2-17-ஐ எண்ணினால் பத்துக்கு மேலேயே வரும். சிலவற்றைச் சேர்த்தாக வேண்டும். பழங்காலத் திருச்சபை அறிஞரான அகுஸ்தீன், வேறு தேவர்கள் கூடாது என்பதையும் விக்கிரகம் கூடாது என்பதையும் ஒன்றாக்கினார். பிறன் மனைவியை இச்சிப்பதையும் பிறன் உடைமையை இச்சிப்பதையும் பிரித்தார். உபாகமம் 5:21-ல் மனைவி முதலில் தனியே நிற்பது அதற்கு இடம் தருகிறது. ரோமச் சபை அவர் வழியில் எண்ணுகிறது. கிழக்குச் சபைகளும் சீர்திருத்தவாதி கால்வினும் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையும் வேறு விதம்: விக்கிரகத் தடை தனிக் கட்டளை, இச்சை ஒரே கட்டளை. திருநெல்வேலி சி.எஸ்.ஐ.யின் வேர் ஆங்கிலிக்கன் மிஷன்கள் என்பதால் உங்களுக்கு அந்த வரிசை.

ரோமச் சபையை எதிர்த்துப் பிரிந்த லுத்தர்? அவரும் அகுஸ்தீன் கணக்குத்தான். 1529-ல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்திலும் விக்கிரக வரி கிடையாது. உங்கள் ஊரிலேயே, 1785-ல் குளோரிந்தா கட்டிய பாப்பாத்தியம்மாள் கோயிலைப் பிரதிஷ்டை செய்த ஸ்வார்ட்ஸ் ஐயர் லுத்தரன். அவர் சபையின் வரிசையும் உங்கள் பேரனின் வரிசையும் ஒன்றே. சொரூபத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கணக்கு என்றால் லுத்தரன்கள் புனிதர்களிடம் மன்றாடிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் அப்படிச் செய்வதில்லை.

ஆனாலும் உங்கள் ஆதங்கத்தில் ஒரு நியாயம் உண்டு. மனப்பாடத்துக்காகச் சுருக்கும்போது ஓய்வுநாள் கட்டளையின் விளக்கமும் உதிர்கிறது. அதனால் யாரும் குழம்புவதில்லை. விக்கிரக வரி உதிர்ந்தால் பிள்ளை அதைக் கேள்விப்படாமலே வளர்ந்துவிடும். 1992-இன் கத்தோலிக்க ஞானோபதேச நூல் சுருக்கத்துக்குப் பக்கத்திலேயே முழு வசனத்தையும் அச்சிட்டு, 2129 முதல் 2132 வரையுள்ள எண்களில் அந்தத் தடையை விளக்குகிறது. அதை வகுப்பில் சொல்லித்தராமல் அட்டையோடு நிறுத்துவது தப்பு.

உண்மையான சண்டை வேறு: யாத்திராகமம் 20-இன் நாலாம் வசனம் எதைத் தடுக்கிறது என்று முடிவு சொல்ல யாருக்கு அதிகாரம்? 787-ல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் (ஆயர்களின் பொதுச் சபை), ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, படத்துக்குச் செய்யும் வணக்கம் அதில் உள்ளவரைச் சேரும் என்று தீர்த்தது. கத்தோலிக்கருக்கு அது பரிசுத்த ஆவியின் காவலில் வந்த தீர்ப்பு. பொதுச் சங்கங்களும் தவறலாம் என்பது ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது பிரமாணங்களில் (விசுவாச அறிக்கையில்) 21-ஆவது. கடவுளே செய்யச் சொன்ன கேருபீன் (தேவதூதர்) உருவங்களையும் (யாத். 25:18) வெண்கலச் சர்ப்பத்தையும் (எண். 21:8) மருமகள் காட்டினால், அதே சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபங்காட்டியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்ததை (2 இராஜா. 18:4) நீங்கள் காட்டலாம். வசனத்துக்கு வசனம் இப்படியே போகும். சங்கத்தின் தீர்ப்பு இறுதியா, இல்லையா என்பதைப் பேசாதவரை இருவரும் நகரமாட்டீர்கள். என் கருத்தில், "வேதத்தை வெட்டினார்கள்" என்ற பொய்க் குற்றச்சாட்டு அந்தப் பேச்சையே தொடங்கவிடாமல் கெடுக்கிறது.

பேரனுக்குச் சொல்லித்தரும்போது எண்ணைச் சொல்லாமல் கட்டளையையே சொல்லுங்கள். "கொலை செய்யாதே" உங்களுக்கு ஆறாவது, அவனுக்கு ஐந்தாவது. அவனுடைய ஆறாவது விபசாரம். பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது) எண்ணை மாற்றிச் சொன்னால் பையன் திணறிப்போவான்.