அம்மப்பாவின் பிடிவாதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பொது நிர்வாக அமைச்சின் வரலாற்றுக்குக் குறிப்பு எடுக்கும்போது குழம்பிவிட்டேன். வகுப்பில் தந்த குறிப்பில் முதல் அமைச்சர் என்று ஒரு பெயர், கைநூல் ஒன்றில் வேறு பெயர். 1947இல் இருந்து இன்றுவரை யார் யார் அந்தப் பதவியில் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? அமைச்சின் பெயர் ஏன் அரசுக்கு அரசு மாறுகிறது? இத்தனை அரசாங்க ஊழியர்கள் இந்த நாட்டுக்குத் தேவைதானா?

இன்னொன்று. என் அம்மப்பா ஐம்பதுகளில் அரசாங்க எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். சிங்களப் பரீட்சை எடுக்க மறுத்ததால் சம்பள ஏற்றம் நின்று, பிறகு வேலையையும் விட்டு ஊருக்கு வந்துவிட்டார். நானும் இப்போது சிங்களம் படிக்கிறேன். அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவர் கொஞ்சம் பிடிவாதத்தை விட்டிருந்தால் எங்கள் குடும்பம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று அம்மம்மா இன்றும் சொல்லுவார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

– ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளை,

உங்கள் கடிதம் வந்த கிழமை என் மேசையில் ஒரு பழைய கொப்பி கிடந்தது. அம்மாவின் வீட்டை ஒதுக்கியபோது அலுமாரியின் அடித்தட்டில் அகப்பட்டது. என் அப்பாவினுடையது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாட்கணக்காகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். அதனால் நீங்கள் கேட்ட ஒழுங்கில் பதில் வராது.

பட்டியல் நான் தரப்போவதில்லை. அது தேடினால் கிடைக்கும், நீங்களே தேடி எழுதினால்தான் மனதில் நிற்கும். அரசாங்க ஊழியரின் தொகை பற்றிய கேள்வியையும் இப்போது விட்டுவிடுங்கள். அது இன்னொரு நாள் பேச வேண்டிய விஷயம்.

முதல் அமைச்சர் யார் என்பதில் இரண்டு பெயர் வருவதில் வியப்பில்லை. நீங்கள் எதைப் பொது நிர்வாகம் என்று எண்ணுகிறீர்களோ, அதைப் பொறுத்து விடை மாறும். தமிழ்நாட்டுப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு உள்துறை என்றால் பொலிஸ். நமக்கு உள்நாட்டலுவல்கள் என்றால் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம். அரசாங்க அதிபர், உதவி அரசாங்க அதிபர், அன்றைய விதானையார், 1963க்குப் பிறகு கிராம சேவகர், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அதற்குள் வரும். அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு போனால் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த 1931இன் டொனமூர் அரசியலமைப்பில் உள்நாட்டு அமைச்சராக இருந்த டி. பி. ஜயதிலக்கவிடம் போய்ச் சேருவீர்கள். அவருக்குப் பின் 1942இல் அந்த இடத்துக்கு வந்தவர் ஒரு தமிழர், அருணாசலம் மகாதேவா. இலங்கை சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் போன முதல் இலங்கையர் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன். இதை உங்கள் வகுப்பில் சொன்னார்களா? சொல்லாவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மகாதேவாவின் கையிலோ, 1947இல் உள்நாட்டலுவல்களை ஏற்ற ஒலிவர் குணதிலகவின் கையிலோ ஒரு எழுதுவினைஞரின் தலைவிதி இருக்கவில்லை. டொனமூர் காலத்தில் அரசாங்க சேவை பிரதம செயலாளர் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிச் சோல்பரி அரசியலமைப்பு வந்தபோது நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று, வேலைநீக்கம் எல்லாம் மூன்று பேர் கொண்ட பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குப் போயின. சம்பளமும் சேவை நிபந்தனைகளும் திறைசேரியிடம். கச்சேரி உள்நாட்டு அமைச்சரிடம். ஆக, நீங்கள் தேடுகிற பதவி அன்று ஒரு ஆளாக இல்லை. மூன்று இடத்தில் பிரிந்து கிடந்தது. ஒன்று மற்றதை முழுதாக விழுங்க முடியாது. அந்தக் கால ஏற்பாட்டில் குறைகள் நிறைய இருந்தன, அதைப் புகழ்பாட நான் வரவில்லை. ஆனால் ஒரு அமைச்சருக்குக் கோபம் வந்தால் ஒரு எழுதுவினைஞரை அடுத்த நாளே எங்கோ தூக்கிப் போட முடியாமல் இருந்தது.

1963 மே 1ஆம் திகதி சிவில் சேவை ஒழிக்கப்பட்டு, நீங்கள் இப்போது எழுதப்போகிற நிர்வாக சேவை பிறந்தது. 1970இல் வந்த கூட்டணி அரசில் பொது நிர்வாகம், உள்ளூராட்சி, உள்நாட்டலுவல்கள் மூன்றும் சேர்ந்து ஒரே அமைச்சர் கைக்கு வந்தன. அவர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. உங்கள் குறிப்பில் உள்ள இரண்டு பெயரில் ஒன்று இவருடையதாக இருக்க வேண்டும். பெயர்ப்பலகைக்கு விடை இவ்வளவுதான். அதற்குப் பிறகு மாகாண சபை சேரும், முகாமைத்துவம் சேரும், ஒரு முறை புத்தசாசனமும் சேர்ந்தது. அமைச்சரவையில் எத்தனை பேருக்கு இடம் கொடுக்க வேண்டுமோ அதற்கேற்பப் பெயர் நீளும், குறுகும். அதில் ஆழமான காரணம் தேடி மினக்கெடாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை உங்கள் அம்மம்மா சொல்லலாம். சம்பளம் வராத மாதங்களில் அடுப்பை எரித்தவர் அவர். அவர் வாயில் அது குறையும் அல்ல, புருஷனை நினைத்துப் படுகிற வேதனை. நீங்கள் சொல்லக் கூடாது. அதுவும் பொது நிர்வாகத்தைப் படிக்கிற பிள்ளை சொல்லவே கூடாது. நடந்தது என்ன என்று பார்க்காமல், கச்சேரியில் ஒரு கதிரையில் இருக்கப் போகிறீர்களா?

உங்கள் அம்மப்பா சேர்ந்தபோது என்ன சொல்லிச் சேர்த்தார்கள்? ஆங்கிலத்தில் பரீட்சை வைத்து, ஆங்கிலத்தில் வேலை செய்யத்தான் எடுத்தார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதுவும் ஒரேயடியாக எழுதுவினைஞரின் மேசைக்கு வரவில்லை. 1961 டிசம்பரில் திறைசேரிச் சுற்றறிக்கையாக வந்தது. குறித்த காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை. சட்டத்தை நாடாளுமன்றத்தில் கைதூக்கி நிறைவேற்றினார்கள். வயிற்றில் கைவைத்தது சுற்றறிக்கை. நிர்வாக சேவைக்குப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தை உயிருள்ளவரை மறக்கக் கூடாது.

அந்தச் சுற்றறிக்கைக்கு எதிராக வழக்குப் போட்டவர் செல்லையா கோடீஸ்வரன். 1952இல் எழுதுவினைஞர் சேவையில் சேர்ந்தவர். பரீட்சைக்குப் போக மறுத்தார். 1962 ஏப்ரலில் வர வேண்டிய சம்பள ஏற்றம் வரவில்லை. ஒரு கிளாக்கரின் மாதச் சம்பளத்தில் ஒரு சின்னத் தொகை. அதைக் கேட்டு முடிக்குரிய அரசின் மேல் வழக்கு. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக் கூடாது என்றது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அந்தப் பிரிவைக் காட்டிக் கோடீஸ்வரன் பக்கம் தீர்ப்பளித்தார். அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்விக்குள் இறங்கவே இல்லை. அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்லி முடித்தது.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கடைக்காரன் சம்பளம் தராவிட்டால் அவன் சிப்பந்தி கேட்கலாம், அரசாங்கம் தராவிட்டால் அரசாங்க எழுதுவினைஞன் கேட்க முடியாது என்பது அதன் பொருள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லா எழுதுவினைஞருக்கும் அது பொருந்தும். கோடீஸ்வரன் அன்று நமக்குக் கடைசி மேன்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) போனார். 1969 டிசம்பரில் அங்கே அவர் வென்றார். ஊழியன் தன் சம்பளத்துக்கு வழக்குப் போடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியைத் தீர்க்கும்படி வழக்கை இலங்கைக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கேள்விக்கு மாவட்ட நீதிபதிக்கு மேலே இன்றுவரை ஒரு நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்குப் போகும் வழியை அடைத்தார்கள். 1972 மே 22ஆம் திகதி குடியரசு அரசியலமைப்பு வந்தது, 29ஆம் பிரிவு போய்விட்டது.

நான் எல்லோரிடமும் சண்டை பிடிக்கிற இடம் இதற்கு அடுத்தது. 1972 என்றதும் நம்மவர்கள் 29ஆம் பிரிவையும் மொழியையும் மதத்தையும் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அதே அரசியலமைப்பு பொதுச் சேவை ஆணைக்குழுவையும் ஒழித்தது. நியமனம், இடமாற்றம், வேலைநீக்கம், ஒழுக்காற்று எல்லாம் அமைச்சரவைக்குப் போயின. ஆலோசனைக்கு ஒரு சபை, ஒழுக்காற்றுக்கு ஒரு சபை என்று இரண்டை வைத்துவிட்டு, இந்தத் தீர்மானங்களை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்றும் எழுதிவைத்தார்கள். இரண்டரை வருடத்துக்கு முன்புதான் ஒரு எழுதுவினைஞர் லண்டன்வரை போய், அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் உரிமையை எல்லோருக்குமாக வாங்கி வந்திருந்தார். இடமாற்றத்துக்கும் வேலைநீக்கத்துக்கும் அந்தப் பாதையே இல்லாமல் போனது. 'இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு' என்று 1956இல் பேசிய கொல்வின் ஆர். டி சில்வாதான் அந்த அரசியலமைப்பை ஆக்கிய அமைச்சர். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அவர்கள் சொன்ன நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்து அதிகாரிகள் மக்கள் தெரிந்தெடுத்த அரசுக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள், சேவை மக்கள் பிரதிநிதிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. நடந்தது என்ன? 1973இல் மாவட்டத்துக்கு மாவட்டம் ஆளும் தரப்பு அரசியல்வாதி ஒருவர் 'அரசியல் அதிகாரி' என்று வந்தார், அரசாங்க அதிபர் அவருக்குப் பின்னால் நின்றார். 1977இல் ஆட்சி மாறியது, ஆள் மாறியது, பழக்கம் மாறவில்லை. 1978 அரசியலமைப்பு ஆணைக்குழு என்ற பெயரைத் திருப்பித் தந்தது, அதிகாரத்தை அமைச்சரவையிடமே வைத்திருந்தது. அடிப்படை உரிமை வழக்குக்கு மட்டும் வழி திறந்தது. 2001இல் 17ஆவது திருத்தம்தான் ஆணைக்குழுவுக்கு உண்மையான கையைக் கொடுத்தது. 2010இல் பறித்தார்கள், 2015இல் கொடுத்தார்கள், 2020இல் பறித்தார்கள், 2022இல் திரும்பவும் கொடுத்திருக்கிறார்கள். பொது நிர்வாக அமைச்சரின் வரலாற்றைப் பரீட்சையில் கேட்டால் நீங்கள் எழுத வேண்டியது இதை. இடமாற்றக் கடிதத்தில் யார் கையெழுத்து வைத்தார்கள் என்பதை ஆண்டு ஆண்டாக எழுதுங்கள். பெயர்ப்பட்டியல் யாரும் மனப்பாடம் செய்யலாம்.

நீங்கள் சிங்களம் படிப்பதை நான் மெச்சுகிறேன். நன்றாகப் படியுங்கள். அரைகுறையாகப் படித்துவிட்டுச் சித்தியடைந்தேன் என்று நில்லாதீர்கள். ஆனால் உங்கள் படிப்பையும் அவர் மறுப்பையும் ஒரு தராசில் போடாதீர்கள். 2007 ஜூலையில் இருந்து சேவைக்கு வருகிற எல்லோரும் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 7/2007 சொன்னது. உங்களோடு சேரப்போகிற சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பரீட்சைக்கு இருக்க வேண்டும். சேரும் முன்பே இரண்டு பேருக்கும் அது தெரியும். உங்கள் அம்மப்பாவிடம் கேட்டது அப்படியல்ல. ஒரு பக்கத்தாரிடம் மட்டும், சேர்ந்து வருடங்கள் கழித்து, வீட்டில் பிள்ளைகள் வந்த பிறகு கேட்டார்கள்.

இனி அந்தக் கொப்பி.

என் அப்பாவும் எழுதுவினைஞர். தென்பகுதியில் ஒரு அலுவலகம். சுற்றறிக்கை வந்தபோது அவரும் மற்றவர்களோடு மறுத்தார். இரண்டு வருடம் ஏற்றம் இல்லாமல் இருந்தார். அப்புறம் என் தங்கை பிறந்தாள், பிறந்ததில் இருந்து அவளுக்கு இழுப்பு. அந்த வருடம் அப்பா யாருக்கும் சொல்லாமல் சிங்களம் படித்தார். அவரோடு வேலை செய்த ஒரு சிங்களவர் பின்னேரங்களில் போர்டிங்குக்கு வந்து சொல்லிக் கொடுத்தார், ஒரு சதமும் வாங்கவில்லை. அப்பா சித்தியடைந்தார். ஏற்றம் வந்தது, தங்கைக்கு மருந்து வந்தது.

அதற்குப் பிறகு அவர் லீவில் ஊருக்கு வந்தால் பெரிய ஒழுங்கையால் நடக்கமாட்டார். அங்கே அவரோடு ஒரே நாளில் சேர்ந்து, பரீட்சை எடுக்காமல் வேலையை விட்டு வந்து, தோட்டம் செய்துகொண்டிருந்த ஒருவரின் வீடு இருந்தது. சின்ன வயதில் நான் காரணம் கேட்டேன். அந்தப் பக்கம் நாய் கிடக்குது என்றார். நாங்கள் வயல்பக்கத்தால் சுற்றித்தான் கோயிலுக்குப் போவோம். அந்த மனிதர் இறந்த அன்று அப்பா பெரிய ஒழுங்கையால் போனார், படலைக்கு வெளியே நின்றார், உள்ளே போகவில்லை. அங்கே நாய் கிடக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொப்பியில் பக்கம் பக்கமாகச் சிங்கள எழுத்துகள், கீழே பென்சிலால் தமிழ் உச்சரிப்பு. 'மகே நம' (என் பெயர்) என்று முதல் பக்கத்தில், பிறகு தன் பெயர். கடைசிப் பக்கத்தில் சிங்களம் இல்லை. கணக்கு இருக்கிறது. நின்றுபோன ஏற்றத்தை மாதம் மாதமாக எழுதி, கூட்டி, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு நிரை. தலைப்பில் இரண்டு ஆங்கில எழுத்து மட்டும், அந்தத் தோட்டக்காரரின் முதலெழுத்துகள். அந்த நிரையையும் அவர் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். 1971வரை. தன் ஏற்றம் வரத் தொடங்கிய பிறகும் மற்றவருக்கு வராததை வருடம் வருடமாக எழுதியிருக்கிறார்.

பரீட்சை எடுத்தவரைத் துரோகி என்றும், எடுக்காதவரைப் பிடிவாதக்காரர் என்றும் சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் இரண்டு தலைமுறை போய்விட்டது. சுற்றறிக்கை போட்டவர்களை யாரும் ஒரு பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

பிள்ளை, அம்மம்மாவிடம் போய் இருந்து கேளுங்கள். அம்மப்பா கடிதங்களைக் கிழித்து எறிகிற ஆள் அல்ல என்று நினைக்கிறேன், அந்தத் தலைமுறைக் கிளாக்கர்மார் ஒரு துண்டுக் கடதாசியையும் எறியமாட்டார்கள். சம்பள ஏற்றத்தை நிறுத்திய கடிதம் எங்காவது ஒரு தகரப்பெட்டியில் இருக்கும். அதில் திகதி இருக்கும், எந்தச் சுற்றறிக்கை என்று இலக்கம் இருக்கும், கீழே ஒரு கையெழுத்து இருக்கும். அகப்பட்டால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கடிதத்தை மடிப்பிலே தேய்க்காமல் எடுங்கள், பழைய கடதாசி மடிப்பில்தான் முதலில் உடையும்.